ஐந்து கம்பி பேஸுக்கு ஃப்ளாட்வுண்ட்: பி கம்பியை நம்பி எதை வாங்குவது?

வங்கக்கடல்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 34 அங்குல ஸ்கேல் (கழுத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்) உள்ள ஐந்து கம்பி பேஸ் கிட்டார். ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறேன், மாதத்தில் இரண்டு மூன்று மெல்லிசைக் கச்சேரி. வாங்கிய நாள் முதல் 45-130 (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வுண்ட்தான், அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றியதுதான், போட்டு வருகிறேன். இப்போது மேலே பட்டையான நாடா சுற்றிய, வழவழப்பான ஃப்ளாட்வுண்டுக்கு மாற ஆசை.

காரணம் இரண்டு. ஜெப நேரத்தில் கீபோர்டும் பேஸும் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அப்போது இடது கை விரல் இடம் மாறும்போது எழும் கீச்சொலி கடைசி வரிசை வரைக்கும் போகிறது. போன மாதம் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது அந்தச் சத்தத்துக்காகவே நான்கு முறை திரும்ப வாசித்தேன். இரண்டாவது காரணம், கடலுக்குப் பக்கத்தில் வீடு, கையிலும் வேர்வை அதிகம். புதுக் கம்பி மூன்றே வாரத்தில் செத்துப்போகிறது.

பயம் ஒன்றுதான். ஃப்ளாட்வுண்டில், எல்லாவற்றிலும் தடித்த, தாழ்ந்த ஸ்ருதியுள்ள பி கம்பி ‘பொத் பொத்’ என்று, எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் கேட்கும் என்கிறார்கள். பாடுகிறவர்களுக்கு ஏற்ப ஸ்ருதி மாறிக்கொண்டே இருப்பதால் டி, சி என்று கீழே இறங்காமல் எனக்கு ஒரு ஞாயிறும் கழியாது. பி கம்பியை விட்டுக்கொடுக்க முடியாது.

பார்த்து வைத்திருப்பவை மூன்று: டடாரியோ க்ரோம்ஸ் 45-132, தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் 43-136, அப்புறம் லா பெல்லா. ரவுண்ட்வுண்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை என்பதால் மூன்றையும் வாங்கிப் பார்க்க வழியில்லை. எதை வாங்கலாம்?

குறுக்குச்சந்து

க்ரோம்ஸ். ரவுண்ட்வுண்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் சீக்கிரம் பழகும். போட்ட முதல் வாரம் அவ்வளவு பளிச்சென்று இருக்கும், ஃப்ளாட்வுண்ட் என்றே தோன்றாது.

நாலாம்விரல்

எந்த கம்பெனி என்று கேட்பதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். நான்கு கம்பி பேஸுக்கு ஃப்ளாட்வுண்ட் வாங்கும்போது காதுக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்கலாம். ஐந்து கம்பிக்கு அப்படி முடியாது. பி கம்பியில் ஆரம்பித்து மேலே வர வேண்டும். செட்டில் மற்ற நான்கும் தேனாக இருந்து பி மட்டும் சரியில்லை என்றால் அந்தச் செட் வீண்.

இதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் இருக்கிறது. 1951-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது பேஸ் கம்பி என்றாலே ஃப்ளாட்தான். 1960-களில் ரோட்டோசவுண்ட் நல்ல ரவுண்ட்வுண்டைக் கொண்டுவந்த பிறகு காற்று அந்தப் பக்கம் திரும்பியது. கீழ் பி உள்ள ஐந்து கம்பி பேஸ் பரவலானது அதற்கும் பின்னால், 1980-களில். மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 வந்ததே 1987-ல். அதாவது கீழ் பி பரவிய காலத்தில் ஃப்ளாட்வுண்ட் ஓரங்கட்டப்பட்டிருந்தது. நாம் ‘ஃப்ளாட்வுண்ட் சவுண்ட்’ என்று மனதில் வைத்திருக்கும் பழைய பதிவுகள் ஏறக்குறைய எல்லாமே நான்கு கம்பி. ஃப்ளாட்வுண்ட் பி எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நம் காதில் முன்மாதிரியே இல்லை. அதனால் கணக்கைக் கொஞ்சம் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

பேஸில் அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே உள்ள தூரம் ச-ம. அதாவது பி கம்பியை ச என்று வைத்தால் ஈ கம்பி சுத்த மத்யமம். அதிர்வெண் விகிதம் கிட்டத்தட்ட 4:3. திறந்த பி 30.87 ஹெர்ட்ஸ், திறந்த ஈ 41.2. ஒரே நீளமுள்ள இரண்டு கம்பிகள் ஒரே டென்ஷனில் நிற்க வேண்டுமானால் கீழே உள்ளதன் எடை 1.78 மடங்கு இருக்க வேண்டும். ஒரே மாதிரி செய்யப்பட்ட கம்பிகளில் எடை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, தடிமன் 1.33 மடங்கு.

இதை வைத்துச் செட்டைப் பாருங்கள். ஈ கம்பி 100 என்றால் பி 133 இருக்க வேண்டும். க்ரோம்ஸ் செட்டில் 100-க்கு 132, அநேகமாகச் சரியாக வந்துவிட்டது. தோமாஸ்டிக்கில் 100-க்கு 136, பி ஒரு துளி கூடுதல் இறுக்கம். ஆனால் ஈ 105 என்றால் பி 140 வேண்டும். அங்கே 130 போட்டால் பி கம்பியின் டென்ஷன் ஈயை விடச் சுமார் 14 சதவீதம் குறைவு. வலது கை ஒரே பலத்தில் விழும்போது பி மட்டும் தொளதொளவென்று ஆடுவது இதனால்தான். நாம் ஃப்ளாட்வுண்டைக் குறை சொல்கிறோம், குற்றம் செட்டின் கணக்கில் இருக்கிறது.

தோமாஸ்டிக் செட்டை ஜி, டி, ஏ, ஈ, பி வரிசையில் முழுக்கப் பாருங்கள்: 43, 56, 70, 100, 136. கீழிருந்து ஒவ்வொன்றையும் 1.33-ஆல் வகுத்தால் 102, 75, 53, 42 என்று வரும். உண்மையான அளவுகள் அவற்றை ஒட்டியே போகின்றன. ஐந்து கம்பிகளிலும் விரலுக்கு ஏறக்குறைய ஒரே எதிர்ப்பு. க்ரோம்ஸில் 45, 65, 80, 100, 132. இங்கே ஏ, டி இரண்டும் மற்றவற்றை விட முறுக்கு அதிகம். இது பிழையில்லை, பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் தெரிந்து வாங்குவது நல்லது.

வங்கக்கடல்

இதை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். க்ரோம்ஸ், தோமாஸ்டிக் இரண்டிலும் ஈ கம்பி 100 என்றால் இரண்டும் ஒரே இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும்? தோமாஸ்டிக் ரொம்ப மெத்தென்று இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

நாலாம்விரல்

நல்ல கேள்வி. 1.33 கணக்கு ஒரே செட்டுக்குள் மட்டும்தான் செல்லும். இரண்டு கம்பெனிகளை அதை வைத்து ஒப்பிட முடியாது. வெளியே தெரிவது தடிமன். உள்ளே நடுக்கம்பி எவ்வளவு தடி, அதன் மேல் எத்தனை சுற்று, மேலே பட்டையான நாடா என்ன உலோகம் என்பதெல்லாம் சேர்ந்துதான் எடையும் விறைப்பும். ஒரே 100 என்றாலும் தோமாஸ்டிக் விரலுக்குத் தெளிவாக மென்மை.

டென்ஷனும் விறைப்பும் வேறு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நடுக்கம்பி தடித்திருந்தால் கம்பி வளைய மறுக்கும். வளைய மறுக்கும் கம்பி இரும்புக் கழி மாதிரி நடந்துகொள்ளும். அதன் மேல் ஹார்மானிக்குகள் சரியான இடத்தில் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். காது அப்போது எந்த ஸ்வரம் என்று பிடிக்கத் தடுமாறும். நீங்கள் சொன்ன ‘பொத்’ முக்கால்வாசி இதுதான். பி கம்பிக்கு டென்ஷன் போதுமானதாக இருக்க வேண்டும், கம்பி வளையவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தருவதுதான் செய்கிறவர்களின் திறமை.

மேடை_நாற்பது

தம்பி வங்கக்கடல், நான் நாற்பது வருடமாக மேடையில் வாசிக்கிறவன். லா பெல்லா பற்றிக் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன்.

லா பெல்லா என்றதும் எல்லோருக்கும் ஜேம்ஸ் ஜேமர்சன் நினைவு வரும். அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகளில் 1962 பிரிசிஷனில் தடித்த லா பெல்லா ஃப்ளாட், வலது கையில் ஒரே ஆள்காட்டி விரல், கம்பியை மாற்றுவதே இல்லை. அவர் பெயரில் இன்றும் வரும் செட் 52-110. அது நான்கு கம்பிச் செட். கைக்குக் கயிறு மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் வேண்டும் என்று ஐந்து கம்பி பேஸில் அதே தடிமனைத் தேடிப் போகாதீர்கள். நாலாம்விரல் தம்பி சொன்ன கணக்குப்படி 110-க்குப் பொருத்தமான பி 147-க்குப் போகும். அதை உங்கள் பேஸின் நட் தாங்காது, பிரிட்ஜும் தாங்காது. லா பெல்லாவிலேயே குறைந்த டென்ஷன் வரிசை இருக்கிறது. ஐந்து கம்பிக்கு அந்தப் பக்கம் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். ராஜா சார் பாட்டுகளை வாசித்துத்தான் நான் பேஸ் கற்றுக்கொண்டேன். அந்த பேஸ் வரிகள் பாட்டுக்குள் இன்னொரு பாட்டு போல நடக்கும். அவற்றை வாசிக்கும்போது ஸ்வரத்தின் தொடக்கமும் முடிவும் தெளிவாக வேண்டும். ஃப்ளாட்வுண்ட் அதைத் தரும். ஸ்வரம் பிறக்கும், கொஞ்சம் நிற்கும், ஓயும். ரவுண்ட்வுண்ட் நீண்டுகொண்டே இருக்கும், நாமே கை வைத்து அடக்க வேண்டும். மெல்லிசை மேடையில் பாடகருக்கும் தபலாவுக்கும் இடம் விட வேண்டும் என்றால் ஃப்ளாட் பெரிய உதவி. கம்பிக்கு அடியில் பிரிட்ஜ் பக்கம் ஒரு சின்ன பஞ்சுத் துண்டு வைத்துப் பாருங்கள், இன்னும் அழகாக இருக்கும்.

குறுக்குச்சந்து

மேடை அண்ணே, மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. ஃப்ளாட் என்றால் பழைய பாட்டு, மெத்தென்ற சத்தம் என்று மட்டும் சொல்லிவிட்டால் புதியவர்கள் பயந்துவிடுவார்கள். அயர்ன் மெய்டன் ராக் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ரோட்டோசவுண்ட் ஃப்ளாட்வுண்டில்தான். அந்த ‘கடகட’ சத்தத்தைக் கேட்டு அது ஃப்ளாட் என்று யார் சொல்வார்கள்? கம்பி பாதிதான், மீதி கையில் இருக்கிறது.

மேடை_நாற்பது

அதுவும் உண்மை தம்பி. ஒத்துக்கொள்கிறேன்.

ஃப்ரெட்டில்லா

தோமாஸ்டிக் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டதைச் சொல்கிறீர்கள். நான் ஒன்பது வருடமாக ஒரே செட்டில் வாசிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

என்னுடையது ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகள் இல்லாதது), ஐந்து கம்பி, 34 அங்குலம், ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு. ரவுண்ட்வுண்ட் போட்டிருந்த காலத்தில் ஏழாம் இடத்தைச் சுற்றி மரத்தில் வரிவரியாகப் பள்ளம் விழ ஆரம்பித்தது. விரல் நுனியால் தடவினால் சீப்பின் பல் மாதிரி தட்டுப்படும். மரத்தைச் சமன் செய்துவிட்டு ஜாஸ் ஃப்ளாட்ஸ் போட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் புதிதாக ஒரு வரிகூட விழவில்லை.

வியன்னாவில் செய்யும் கம்பி, 1919-ல் தொடங்கிய நிறுவனம், வயலின் கம்பியில் பெயர் வாங்கியவர்கள். அந்த வயலின் புத்தி பேஸ் கம்பியிலும் தெரிகிறது. இரண்டு வாரம் கழித்து அதன் சத்தத்தைக் கேட்டால் நடுப்பகுதி பேசும். ‘ம்ம்’ என்று வாய்க்குள் முனகுவது போல ஒரு குரல். பி கம்பியிலும் அந்தக் குரல் வருகிறது. எனக்குத் தெரிந்து ஃப்ளாட்வுண்ட் பி கம்பிகளில் பாடுகிற கம்பி அதுதான்.

ஆனால் விலை உண்டு. பணத்தைச் சொல்லவில்லை, கையைச் சொல்கிறேன். டென்ஷன் குறைவு என்பதால் கம்பி அகலமாக ஆடும். ஓங்கி வாசிக்கிறவருக்கு ஃபிங்கர்போர்டில் அடித்து ‘டடட’ என்று பேசும். நான் முதல் இரண்டு மாதம் பட்ட பாடு இதுதான். ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி, விரலைக் குறைத்து, வலது கையை முழுக்கத் திருத்தினேன். அதோடு கழுத்தின் மேல் இழுப்பு குறைவதால் நெக் பின்னால் போகும், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டிவரும். சர்ச்சில் ட்ரம்ஸோடு போட்டி போட்டு வாசிக்கிற இடமா உங்களுடையது? அப்படியென்றால் தோமாஸ்டிக்கை யோசித்து எடுங்கள். ஜெப நேரம் போல மெல்ல வாசிப்பதுதான் அதிகம் என்றால் அதற்கு இணை கிடையாது.

வங்கக்கடல்

அக்கா, நீங்கள் கடைசியில் கேட்டதுதான் என் பிரச்சினை. ஜெப நேரம் பத்து நிமிடம். மற்றபடி ட்ரம்ஸ், இரண்டு கீபோர்டு, முப்பது பேர் கொயர். என் கை கனமான கை. அதை மாற்ற முயல்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பழைய கை வந்துவிடுகிறது.

ஃப்ரெட்டில்லா

அப்படியானால் க்ரோம்ஸ்தான் உங்களுக்கு. நான் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தவள், என் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டு வருந்த வேண்டாம்.

ஸ்கார்பரோ_குளிர்

கனடாவிலிருந்து எழுதுகிறேன். என் பேஸ் 35 அங்குலம். ஒரு அங்குலம் கூடினால் என்ன பெரிய வித்தியாசம் என்று நானும் நினைத்திருந்தேன். டென்ஷன் நீளத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே அதே கம்பி 35-ல் சுமார் 6 சதவீதம் கூடுதல் இறுக்கம். பி கம்பியில் அது கைக்கு நன்றாகவே தெரிகிறது.

ஆனால் 35 அங்குலக்காரர்கள் வாங்குமுன் சுற்று நீளத்தைப் பார்க்க வேண்டும். ஃப்ளாட்வுண்ட் கம்பியின் ட்யூனர் பக்க முனையில் பட்டு நூல் சுற்றியிருக்கும். அந்தப் பட்டு நட்டுக்கு அப்பால்தான் தொடங்க வேண்டும். நட் மேலேயோ அதற்கு உள்ளேயோ வந்தால் திறந்த கம்பி மழுங்கிவிடும். எனக்கு ஒருமுறை ஜி கம்பியில் அப்படி ஆனது. என் பேஸில் ஐந்து ட்யூனரும் ஒரே வரிசை, ஜி ட்யூனர் கடைசியில் இருக்கிறது, கம்பி எட்டிப்பிடிக்கவே பாடுபட்டது. வாங்குமுன் பிரிட்ஜில் கம்பி முனையின் பந்து உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளவு நாடா வைத்து அளந்து, கம்பியின் சுற்று நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு, நெக் அசைந்துவிடுகிறது. இங்கே வருடத்தில் இரண்டு தடவை ட்ரஸ் ராடைத் தொட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர் ஈரத்துக்கும் ஏதாவது செய்யும் என்று நினைக்கிறேன்.

கன்சோல்_ஓரம்

நான் பேஸ் வாசிப்பதில்லை, சர்ச்சிலும் கல்யாண மண்டபங்களிலும் சவுண்ட் பார்க்கிறேன். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

திறந்த பி 30.87 ஹெர்ட்ஸ் என்று மேலே எழுதியிருக்கிறார்கள். சப் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) இல்லாத மண்டபத்தில் அந்த அடித்தளம் யார் காதுக்கும் போய்ச் சேராது. மக்கள் கேட்பது அதன் இரட்டிப்பான 61.7, மும்மடங்கான 92.6, அதற்கும் மேலே உள்ளவை. அந்த மேல் படிகளை வைத்து மூளைதான் கீழே ஒரு பி இருப்பதாகக் கட்டிக்கொள்கிறது. ரவுண்ட்வுண்ட் மேல் படிகளை அள்ளித் தரும். ஃப்ளாட் குறைவாகத் தரும். அதனால் வீட்டில் ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்ட ஃப்ளாட்வுண்ட் பி மண்டபத்தில் காணாமல் போகும்.

இதற்கு பேஸ் குமிழைத் திருகி ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. தயவுசெய்து செய்யாதீர்கள். எதிர்ப்பக்கம் போங்கள். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், 200 பக்கம் கொஞ்சம் குறையுங்கள், 700-800 பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். பி கம்பியில் இறங்கும்போது மட்டும் வலது கையை இரண்டு விரல் அகலம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். அந்தச் சின்ன அசைவு என் கன்சோலில் இருக்கும் எந்தக் குமிழையும் விட அதிக வேலை செய்கிறது.

மேடை_நாற்பது

கன்சோல் தம்பி சொன்னதை அச்சடித்து ஒவ்வொரு மேடையிலும் ஒட்ட வேண்டும்.

சந்திப்பு_லைன்

நான் வேறு வழி செய்தேன்: நான்கு கம்பி ஃப்ளாட், பி மட்டும் ரவுண்ட். தெளிவு கிடைத்தது. யாரும் இதைச் சொல்லவில்லையே?

நாலாம்விரல்

சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஈயிலிருந்து பிக்கு இறங்கும்போது குரல் மாறுகிறது. ஒரே வரியை இரண்டு பேர் பாதி பாதி பாடுவது போல. மெதுவான பாட்டில் அது அப்பட்டமாகக் கேட்கும். கீச்சொலியும் அந்த ஒரு கம்பியில் திரும்ப வந்துவிடும், வங்கக்கடல் ஓட நினைப்பதே அதிலிருந்துதான். உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால் மகிழ்ச்சி, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவழி வேண்டும் என்றால் ரவுண்டாகச் சுற்றி மேற்புறத்தை மட்டும் தேய்த்துச் சமன் செய்யும் கம்பிகள் இருக்கின்றன, ஜிஎச்எஸ் ப்ரைட் ஃப்ளாட்ஸ் அந்த வகை. ஐந்தும் ஒரே இனமாக இருக்கும்.

சந்திப்பு_லைன்

உண்மைதான். நான் வேகமான பாட்டுதான் அதிகம் வாசிக்கிறேன், அதில் தெரிவதில்லை. மெதுவானதில் கேட்டுப் பார்க்கிறேன்.

வங்கக்கடல்

க்ரோம்ஸ் 45-132 ஆர்டர் போட்டுவிட்டேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

நாலாம்விரல்

மூன்று விஷயம் முக்கியம். முதலாவது, கம்பியை வெட்டுவதற்கு முன் வளையுங்கள். ட்யூனர் தண்டைத் தாண்டி ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் குறடால் பிடித்துச் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் நாடா பிடி நழுவி உள்ளேயே தளரும். கம்பி அன்றைக்கே செத்தது.

இரண்டாவது, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஐந்தையும் ஒரேயடியாக அவிழ்த்தால் நெக் மேல் இருந்த பாரம் முழுதும் போய்விடும்.

மூன்றாவது பி கம்பிக்கு. தடித்த கம்பி, பிரிட்ஜில் தான் உட்காரும் சாடிலைத் தாண்டியதும் நேராகக் கீழே இறங்காது, வில் போல வளைந்து வரும். ஸ்ருதி சேர்த்த பிறகு சாடிலுக்கு முன்னால், ஒட்டினாற்போல், கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். நட் பக்கமும் அப்படியே. மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாட்வுண்டில் ஓங்கி அழுத்தினால் நாடாவின் இடைவெளி திறந்துவிடும்.

வங்கக்கடல்

மூன்று வாரம் ஆகிறது. நடந்ததை எழுதுகிறேன்.

பி கம்பி மாட்டும்போதே ஒரு சிக்கல். ஸ்ருதி ஏற்ற ஏற்ற நட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம், ஒவ்வொரு டிக்குக்கும் ஸ்ருதி எகிறியது. 130-க்காக வெட்டிய பள்ளத்தில் 132 இறுகிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு கடையில் இதே பேஸின் நட்டைக் கொடுத்து, ஜி கம்பியின் பள்ளத்தை ஆழமாக அறுத்துத் தந்துவிட்டார்கள், அதனால் யாரிடமும் கொடுக்க மனமில்லை. கழற்றிய பழைய 130 ரவுண்ட்வுண்டையே கையில் எடுத்தேன். அதன் சுற்றுகள் அரம் மாதிரிதானே. பள்ளத்தில் வைத்து, கீழே அழுத்தாமல், பக்கவாட்டில் மட்டும் சாய்த்துச் சாய்த்து இருபது முறை இழுத்தேன். வெள்ளைப் பொடி கொஞ்சம் உதிர்ந்தது. ஊதிவிட்டு, பென்சில் கரியைத் தடவி, திரும்ப மாட்டினேன். டிக் நின்றுவிட்டது.

சாடில் பக்கம் கட்டைவிரல் வைத்து அழுத்தியதைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன் பி கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஸ்வரம் எவ்வளவு திருகியும் கூடியே நின்றது, சாடில் கடைசி வரைக்கும் பின்னால் போய்விட்டது. அழுத்தியதும் கம்பி சாடிலில் உட்கார்ந்தது கண்ணுக்கே தெரிந்தது. மறுபடி பார்த்தால் சாடிலை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவர முடிந்தது. திறந்த பியின் மூட்டமும் பாதி விலகியது.

நெக் கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி எட்டாம் ஃப்ரெட்டில் பார்த்தேன், கிரெடிட் கார்டு தாராளமாக நுழைந்தது. ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி ஒரு இரவு விட்டேன். இப்போது நுழைவதில்லை, மெல்லிய இடைவெளி மட்டும் இருக்கிறது.

முதல் வாரம் குறுக்குச்சந்து சொன்னபடி பளிச்சென்று இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூன்றாம் வாரம்தான் அந்த மினுமினுப்பு இறங்கியது. ஏ, டி கம்பிகள் விறைப்பு என்று நாலாம்விரல் சொன்னது உண்மை, கச்சேரி முடிந்து இடது கை வலிக்கிறது.

நாலாம்விரல்

பி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டையும் திறந்த ஈயையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தீர்களா? இரண்டும் ஒரே ஸ்வரம். குரல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதில்தான் செட்டின் தரம் தெரியும்.

வங்கக்கடல்

இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன். ஐந்தாம் ஃப்ரெட்டில் நன்றாக ஒத்துப்போகிறது, பி கொஞ்சம் தடித்த குரல், அவ்வளவுதான். ஏழைத் தாண்டினால் பி மங்குகிறது. அங்கே நான் எப்படியும் ஈ கம்பிக்குப் போய்விடுவேன். பழைய ரவுண்ட்வுண்டிலும் ஏழுக்கு மேல் இப்படித்தான் இருந்தது, அப்போது கவனித்ததில்லை.

போன ஞாயிறு ஒரு பாட்டை டியிலிருந்து சிக்கு இறக்கினார்கள். பியின் முதல் ஃப்ரெட்டில் சி பிடித்து, கன்சோல்_ஓரம் சொன்னபடி கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினேன். கொயரில் பின்வரிசையில் நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஜெப நேரத்தில் கீச்சொலி துளியும் இல்லை.

ஃப்ரெட்டில்லா

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. கடல்காற்றில் ஃப்ளாட்வுண்டும் துருப்பிடிக்கும், ரவுண்ட்வுண்ட் போல இடுக்கில் அழுக்கு சேராது என்பதுதான் வித்தியாசம்.

புதுநட்

இழையை முழுக்கப் படித்தேன், எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி. என் ஐந்து கம்பி பேஸில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக வரும். அதில் ஃப்ளாட்வுண்ட் போடலாமா?

நாலாம்விரல்

பிரிட்ஜிலேயே பின்னாலிருந்து மாட்ட இன்னொரு துளை இருக்கிறதா பாருங்கள். பல பேஸ்களில் இரண்டும் இருக்கும். இருந்தால் அதில் மாட்டுங்கள். உடல் வழியாக வரும்போது சாடிலில் கம்பி கூர்மையாக மடிகிறது. ஃப்ளாட்வுண்டின் நாடா அந்த மடிப்பில் பிளக்கலாம், தடித்த பியில் இன்னும் சீக்கிரம். நீளமும் கூடுதலாகத் தேவைப்படும், ஸ்கார்பரோ சொன்ன பட்டுப் பிரச்சினை மறுமுனையில் வந்து நிற்கும். வேறு துளையே இல்லை என்றால், உடல் வழியாகப் போடலாம் என்று தயாரித்தவர்களே சொல்லும் செட்டை மட்டும் வாங்குங்கள். பந்திலிருந்து நட் வரை உள்ள நீளத்தை அளந்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.